சித்திரையில் வெட் ஃபிளை கொண்டு ட்ரவுட் பிடிப்பது எப்படி? கண்மாயில் பழகிய கைக்கு வழி சொல்லுங்கள்

தேவகோட்டைக்காரன்:

அன்பர்களுக்கு வணக்கம். அப்பச்சியுடன் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து, மண்புழு கோத்துக் கெளுத்தியும் தவளைக்குஞ்சு கோத்து விராலும் பிடித்து வளர்ந்தவன் நான். வருகிற சித்திரையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறேன். ஊரை ஒட்டி வார்ஃப் ஆறு ஓடுகிறது. அதில் பழைய முறைப்படி, நீருக்குள் அமிழும் வெட் ஃபிளை (தூண்டில் முள்ளில் நூலும் சிறகும் சுற்றிச் செய்த போலிப் பூச்சி) கட்டிப் பிரவுன் ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு இரண்டு நாள் காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். எறிந்த பூச்சியை ஆறு தன் போக்கில் இழுத்துக்கொண்டு போயிற்று. நான்கைந்து முறை மீன் தொட்டது கைக்குத் தெரிந்தது. தெரிந்த கணமே சுண்டினேன், ஒன்றுகூட ஏறவில்லை. எங்கே தவறு செய்தேன் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

செக்காலைவாசி:

அண்ணனுக்கு வணக்கம். அந்தப் பகுதியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்து, விடுமுறை நாள்களையெல்லாம் ஆற்றங்கரையில் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நேரம். நம் கண்மாயில் விடியற்காலைதான் மீன் இரை எடுக்கும். அங்கே சித்திரையில் அது பொருந்தாது. அப்போதும் தண்ணீர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும் நாள்கள் பல. ட்ரவுட் விரும்பி மேய்வதற்குச் சற்று வெதுவெதுப்பு வேண்டும், அதைவிட முக்கியமாக, பூச்சி கிளம்ப வேண்டும். லார்ஜ் டார்க் ஆலிவ், மார்ச் பிரவுன் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் ஈசல் போன்ற பூச்சிகள் முற்பகல் பதினொன்றுக்கு மேல் பிற்பகல் மூன்று வரைதான் கிளம்பும். ஆகவே சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், விடியற்காலைத் தூக்கத்தை விட வேண்டியதில்லை.

இந்தப் பூச்சிகள் ஆற்றின் அடியில் கல்லுக்குக் கீழே புழுப்பருவத்தில் வாழ்ந்து, பருவம் வந்ததும் நீரினூடே மேலேறி, மேற்பரப்பை முட்டித் தோலுரித்துச் சிறகு விரிக்கின்றன. அந்த ஏற்றத்தில்தான் மீன் அவற்றை எளிதாகப் பிடிக்கிறது. வெட் ஃபிளை அந்த ஏறும் பூச்சியாக நடிக்க வேண்டும். நீங்கள் இழுத்தால் நடிப்பு கெட்டுவிடும்.

ஆற்றுக்குக் குறுக்கே, நீர் ஓடும் திசையில் சற்றுச் சாய்வாக எறியுங்கள். நடுவே விரைந்தோடும் நீர் லைனை வில்லாக வளைத்துவிடும். அந்த வளைவுதான் பூச்சியைத் தறிகெட்டு இழுத்துச் செல்கிறது. சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். லைன் நீரில் விழுந்தவுடன் ராடின் நுனியால் அந்த வளைவைத் தூக்கி மேல்நீர்ப் பக்கமாகப் போட்டுவிட்டால் பூச்சி தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து, மெல்லக் கரைப்பக்கம் திரும்பி வரும். உங்களுக்கு நேர் கீழ்நீரில் வந்து நின்றதும் உடனே எடுத்துவிடாதீர்கள். அங்கே பூச்சி தானாக மேலேறும். நான் பிடித்த மீன்களில் பாதிக்குமேல் அந்தக் கடைசி நான்கைந்து விநாடிகளில் கிடைத்தவை. பிறகு இரண்டடி கீழே இறங்கி அடுத்ததை எறியுங்கள்.

சுண்டுவதைத்தான் உங்கள் கை மறக்க வேண்டும். தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று சுண்டுவது விராலுக்குச் சரி. இங்கே மீன் உங்களுக்குக் கீழ்நீரில், உங்களை நோக்கி வாய்திறந்து நிற்கிறது. சுண்டினால் முள் அதன் வாயிலிருந்து நேராக வெளியே வந்துவிடும். லைன் இறுகுவது தெரிந்ததும் ராடைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கினால் போதும், மீன் திரும்பும் வேகத்தில் தானே மாட்டிக்கொள்ளும்.

கானாடுகாத்தான் ஆச்சி:

தம்பி எழுதியது முழுக்கச் சரி. பூச்சியைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் அதை முற்றத்தில் உட்கார்ந்து கட்டுவதில்தான் எனக்கு மகிழ்ச்சி. யார்க்‌ஷயரின் பழைய வகைகளில் ஒன்று பார்ட்ரிஜ் அண்டு ஆரஞ்சு: ஆரஞ்சுப் பட்டுநூல் உடல், கழுத்தில் புள்ளி போட்ட பழுப்புக் கௌதாரிச் சிறகு, இவ்வளவுதான். பதினான்காம் எண் முள் போதும். நூலை முள்ளின் பாதிக்குச் சற்று மேல் வரை ஒற்றை அடுக்காகச் சுற்றுங்கள். சிறகை ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் சுற்றினால் பூச்சி துடைப்பம் போலாகிவிடும், நீரில் இழைகள் மூச்சு விடாது. பட்டு நனைந்தால் நிறம் கறுத்து, உள்ளே இருக்கும் முள்ளின் இருளும் சேர்ந்து, உயிருள்ள பூச்சியின் உடல் போலவே தெரியும். பாலியஸ்டர் நூலில் இது வராது, ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

நம் முள்காட்டில் திரியும் கௌதாரி பாதுகாக்கப்பட்ட பறவை. அதைத் தொட வேண்டாம். நாட்டுக்கோழிப் பெட்டையின் கழுத்துச் சிறகில் மென்மையானதைத் தேர்ந்தெடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். தங்கூசியில் மூன்று பூச்சிகளை ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் கட்டுவது வழக்கம். காற்றடித்தால் சிக்கிக்கொள்ளும், ஆகவே முதலில் இரண்டு கட்டிப் பழகுங்கள்.

புதுவயல் நண்பன்:

வார்ஃபில் ட்ரவுட் பருவம் மார்ச் 25-இல் தொடங்கிச் செப்டம்பர் 30-இல் முடிகிறது. அரசின் தூண்டில் உரிமமும், அந்தப் பகுதிச் சங்கத்தின் நாள் அனுமதிச் சீட்டும் இரண்டுமே வேண்டும். கிரேலிங் என்ற மீன் மாட்டினால் நீருக்குள் வைத்தே விட்டுவிடுங்கள். ஆறுகளில் ஜூன் 15 வரை அதற்குத் தடைக்காலம்.

தேவகோட்டைக்காரன்:

மூவருக்கும் நன்றி. இன்று மாலை வற்றிய கண்மாயின் பொட்டலில், முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி எறிந்து பார்த்தேன். வளைவைத் தூக்கிப் போடத் தரையில் வரவில்லையே, அதற்கு என்ன செய்வது?

செக்காலைவாசி:

தரையில் வராது அண்ணே, லைனைப் பிடிக்க நீரோட்டம் வேண்டும். கால்வாயில் தண்ணீர் விடும் நாளில் பத்து நிமிடம் போதும். அதுவரை எறிவதை மட்டும் பழகுங்கள். ராடு பின்னே போய் நின்றதும் லைன் நீளும் வரை பொறுத்து, பிறகு முன்னே கொண்டுவாருங்கள்.