மறு: நூலக விக்கிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் நூலக விக்கியின் பக்கங்களுக்குத் தமிழ்ப் பெயர் கேட்டதற்கு நீங்கள் எழுதிய பதில் இது:

> விக்கி என்றே இருக்கட்டுமே. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது, பழகிய சொல்தானே?

பலரும் சேர்ந்து இணையப் பக்கங்களை எழுதித் திருத்த உதவும் மென்பொருளுக்கு விக்கி என்பதே சரி. 1995-இல் முதல் விக்கியை உருவாக்கிய வார்டு கன்னிங்காம் ஹொனலூலு விமான நிலையத்து 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரைப் பார்த்து வைத்தது; ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள். ஆனால் நூலகத்தில் நாங்கள் செய்கிற வேலையில் அவசரமே கிடையாது. பலர் கை பட்டு ஒரு பக்கம் மெல்ல மெல்லச் சரியாகிறது. அந்தப் பக்கங்களுக்குத்தான் 'கூட்டேடு' என்ற சொல்லைக் கேட்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சங்க நூலகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் கப்பல் பட்டியல்களில் இருக்கின்றன, எழுத்தர் காதில் விழுந்தபடி. அந்த நகலோடு 'எங்கள் தாத்தாவுக்கு எந்த ஊர்?' என்று கேட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். முன்பு பதிலை மேசைமேல் இருந்த நீல அட்டை நோட்டில் எழுதி வைப்போம். நோட்டு யார் பையிலாவது வீட்டுக்குப் போய்விட்டால் அன்று பதில் கிடையாது.

இப்போது அந்த நோட்டுதான் விக்கியில் இருக்கிறது. போன மாதம் மை கலங்கிய ஓர் ஊர்ப்பெயரைத் 'திருப்பூர்' என்று படித்து ஏற்றிவிட்டேன். டர்பனுக்குப் பக்கத்தில் ஃபீனிக்ஸில் இருக்கும் ஓர் அம்மா இரவே திருத்தினார்: "பக்கத்துக் கட்டத்தில் சேலம் ஜில்லா என்று இருக்கிறதே தம்பி. திருப்பூர் கோயம்புத்தூர் ஜில்லா. இது திருப்பத்தூர், அந்தக் காலத்தில் அது சேலத்தோடு இருந்தது." அவர் சொன்னதுதான் சரி. என் தவறும் அவர் திருத்தமும் நாள், நேரத்தோடு அந்தப் பக்கத்திலேயே இருக்கின்றன. வேறு தாத்தாவைத் தேடி வருகிறவருக்கும் அது உதவும்.

'கூட்டுத்தளம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தளம் என்றால் எந்த இணையதளமும் ஆகலாம். பதிவேடு, குறிப்பேடு, நாளேடு என்று ஏடு ஏற்கெனவே நூலகத்தில் புழங்குகிற சொல். கூட்டு + ஏடு, புணர்ச்சியும் இயல்பாக வருகிறது. இங்கே தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களே அதிகம், நான்கெழுத்தில் முடிவது பெரிய வசதி.

அப்புறம், பொத்தான்கள். பக்கத்தைத் திருத்துவதற்கான 'தொகு' என்பதை அழுத்தவே எங்கள் தன்னார்வலர்கள் தயங்குகிறார்கள். நூலகத்தில் தொகுப்பு என்றால் நூல்களின் சேர்க்கை. பக்கங்களை எங்கோ சேர்த்துவிடுமோ என்று ஒருவர் கேட்டார். 'திருத்து' என்றால் கேள்வியே வராது. பழைய மாற்றங்களைக் காட்டும் 'வரலாறு' என்ற பொத்தானும் இங்கே குழப்புகிறது, அதை அழுத்திக் குடும்ப வரலாற்றைத் தேடுகிறார்கள். அதற்குத் 'திருத்தத் தடம்' எப்படி?

ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள் ஐயா. சனிக்கிழமை தன்னார்வலர்கள் கூடுகிறார்கள், அதற்குள் முகப்பில் பெயரை மாற்றிவிட நினைக்கிறேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து