கைப்பட்டை கட்டியாச்சு, இனி எல்லாம் இலவசமா? புன்டா கானா ரிசார்ட் அனுபவப் பகிர்வு

உப்புக்காற்று:

டொமினிகன் குடியரசின் கிழக்கு முனை, புன்டா கானா. ஆல்-இன்க்ளூசிவ் (தங்கல், சாப்பாடு, குடி எல்லாம் ஒரே கட்டணத்தில், அடையாளத்துக்கு மணிக்கட்டில் ஒரு பட்டை) ரிசார்ட்டில் தங்கப் போகிறவர்களுக்கு அங்கே என்னென்ன எதிர்ப்படும், எதை எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். "அருமையான இடம், கட்டாயம் போங்க" ரகம் வேண்டாம்.

கரையிலிருந்து தொடங்குகிறேன். பிடிக்காத அறையை மாற்றித் தருவார்கள், கரை பார்த்திருக்கும் திசையை யாராலும் மாற்ற முடியாது. ரிசார்ட்கள் வரிசையாக இருக்கும் பாவரோ, ஊவெரோ ஆல்ட்டோ இரண்டும் அட்லாண்டிக்கைப் பார்த்த கரைகள். சர்காசம் என்ற பழுப்புக் கடல்பாசி நேராக இங்கேதான் வந்து ஒதுங்கும். கொத்துக் கொத்தாக மிதந்து வரும், நடுவில் கொத்தமல்லி விதை அளவுக் காற்றுக் குமிழ்கள், விரலால் நசுக்கினால் டப்பென்று வெடிக்கும். 2011-லிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கும் மெக்சிகோ வளைகுடாவுக்கும் நடுவே இது பட்டையாகப் படர்ந்து வருகிறது. 2025 மே மாதம் 3.75 கோடி டன் என்று தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்குச் சொன்னது.

ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தொல்லை. ஒதுங்கியது ஓரிரு நாள் கிடந்து அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், வெள்ளிக் கொலுசுகூடக் கறுத்துவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் குவியல் பக்கம் போக வேண்டாம். ரிசார்ட்கள் விடிகாலையில் டிராக்டர் விட்டு அள்ளுகின்றன, சில இடங்களில் கடலுக்குள் மிதவைத் தடுப்பு கட்டுகிறார்கள். காற்று விடாமல் அடித்தால் காலையில் அள்ளிய இடம் மதியமே நிறைந்துவிடும்.

விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, விருந்தினர்கள் அன்றன்றைக்குப் போட்ட படங்களைத் தேடிப் பாருங்கள். கோடையில் போயே தீர வேண்டுமென்றால் தென்கரையில் இருக்கும் பாயாஹிபே பக்கம் தேடுங்கள். அந்தக் கரை மேற்கும் தெற்குமாகப் பார்க்கிறது, பாசி பெரும்பாலும் கிழக்கு முனையோடு நின்றுவிடும். சூரியன் கடலில் விழுவதைப் பார்க்கவும் அங்கேதான் முடியும், பாவரோவில் உதயம் மட்டும்தான்.

பயணப்பை:

கரைக்கு முன்னாடி காகிதம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசாவோ, அந்த நாட்டு நிரந்தரவாச அட்டையோ இருந்தால் டொமினிகன் விசா தனியாக வேண்டாம். அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் பலர் கோட்டைவிடுவது அங்கே திரும்பி வரும் விசாவில். ஹெச்-1பி வேலை விசாவின் ஸ்டாம்பிங் காலாவதியாகி, ஐ-94 என்ற வருகைப் பதிவு மட்டும் கையில் இருக்கிறவர் மெக்சிகோவின் கான்கூன் போய் 30 நாளுக்குள் திரும்பலாம். காலாவதியான விசாவோடும் திரும்ப விடுகிற அந்தத் தானியங்கிப் புதுப்பிப்பு விதி அவர்களுக்குக் கனடா, மெக்சிகோவோடு முடிந்தது. கரீபியன் தீவுகளுக்கும் அது நீள்வது எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு மட்டும். "நண்பன் கான்கூன் போய்ட்டு வந்தானே" என்று புன்டா கானாவுக்கு டிக்கெட் போட்டால் திரும்புகிற விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

அடுத்து இ-டிக்கெட். பெயரைப் பார்த்து விமான டிக்கெட் என்று நினைக்க வேண்டாம். குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் சேர்த்து இணையத்தில் நிரப்பும் படிவம் அது. வருகைக்கு ஒன்று, புறப்பாட்டுக்கு ஒன்று என்று க்யூஆர் குறியீடு கிடைக்கும். கட்டணம் கிடையாது, அரசு முகவரி கோப்.டிஓ (gob.do) என்று முடியும். தேடுபொறியில் மேலே வந்து நிற்கும் பல தளங்கள் இதே படிவத்துக்குக் காசு பிடுங்குகின்றன. பாஸ்போர்ட் எண், விமான எண், ரிசார்ட் பெயர் மூன்றும் கையில் இருந்தால் 10 நிமிட வேலை. குறியீட்டைப் படமாக போனில் சேமித்துக்கொள்ளுங்கள், வரிசையில் நின்றுகொண்டு விமான நிலைய வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டை முள் பிளக். கடிகாரத்தைக் கோடைக்கென்று மாற்றுவதில்லை. அதனால் கோடையில் நியூயார்க் நேரமேதான், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். திரும்பும் நாள் பேருந்தைத் தவறவிடுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

நண்டுக்கால்:

ஓலைக்கூரை போட்ட அந்த விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சட்டையில் பட்டை குத்திய நாலு பேர் "டிரான்ஸ்ஃபரா? எந்த ஹோட்டல்?" என்று வழிமறிப்பார்கள். முன்பதிவு செய்த கம்பெனியின் பலகை கண்ணில் படும்வரை நிற்காமல் நடங்கள். காப் கானா 10-15 நிமிடம், பாவரோ 20-30, ஊவெரோ ஆல்ட்டோ முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

செக்-இன்னில் கைப்பட்டை கட்டும்போது ஒரு விரல் நுழைகிற இடம் விடச் சொல்லுங்கள். ஒருமுறை அழுத்திவிட்டால் தளராது. உப்புநீரும் வெயிலும் பட்டு மணிக்கட்டு வீங்கினால் நாலாம் நாள் தோல் உரியும். வெட்டி வேறு கட்டித் தருவார்கள்தான், அதற்கும் வரவேற்பு மேசையில் கால் கடுக்க நிற்க வேண்டும்.

பட்டை கட்டி முடித்ததும், "இந்தப் பக்கம் வாங்க, ரிசார்ட்டைப் பற்றி விளக்குறோம்" என்று இன்னொரு மேசைக்குக் கூட்டிப்போவார்கள். அது விருந்தினர் சேவை மேசை இல்லை, டைம்ஷேர் விற்பனை, அதாவது வருஷத்தில் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே தலையில் கட்டுவது. மறுநாள் "90 நிமிட" காலை உணவு, பதிலுக்கு சவோனா தீவுப் பயணம் இலவசம் அல்லது மசாஜில் தள்ளுபடி. சில இடங்களில் வருவதை உறுதி செய்ய 20 டாலர் முன்பணமும் கேட்பார்கள். அந்த 90 நிமிடம் மூன்று மணி நேரம் ஆகும். முதல் ஆள் ஒரு விலை சொல்வார், மேலாளர் வந்து குறைப்பார், எழுந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நின்று இன்னும் குறைப்பார். விலை அப்படி இறங்குகிறது என்றால் முதலில் சொன்னது விலையே இல்லை. "விருப்பமில்லை, நன்றி" என்று முதல் மேசையிலேயே சொல்லிவிட்டு அறைக்குப் போய்விடுங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்தே தீருவேன் என்றால் அன்றைக்கே கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

சைவப்பட்சி:

சைவக்காரர்கள் வயிறு வாடாமல் இருக்க முடியுமா?

கொதிநீர்:

முடியும், கேட்கிற விதத்தில் இருக்கிறது. "சின் கார்னே" என்றால் அங்கே பலருக்கு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி இல்லாதது என்றுதான் பொருள். கோழி வந்து நிற்கும், இல்லையென்றால் ஹாம் தூவியிருக்கும். நாலையும் பெயர் சொல்லி மறுங்கள்: சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ. கோழி, ஹாம், மீன் மூன்றும் அதில் அடங்கிவிடும். முட்டையும் வேண்டாமென்றால் சின் வேவோ.

சோறும் பீன்ஸும்தானே, பயமில்லை என்று நினைக்க வேண்டாம். மோரோ என்ற கலந்த சாதத்தில் கோழிச்சாறுக் கட்டி போடுவது சாதாரணம், பீன்ஸ் குழம்பில் பன்றித்துண்டு கிடக்கும். "தியேனே கால்தோ தே போயோ?" என்று சமையற்காரரிடமே கேளுங்கள், பரிமாறுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. வெறும் வெள்ளைச் சோறும் அப்படித்தான், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவை: தோஸ்தோனெஸ், அதாவது வாழைக்காயைத் தடியாக வெட்டிப் பொரித்து, தட்டையாக அழுத்தி, மறுபடி பொரித்தது. பழுத்ததில் செய்தால் மதுரோஸ், இனிக்கும். காலை பஃபேயில் மாங்கு: வேகவைத்த வாழைக்காயை மசித்து, வினிகரில் வதக்கிய வெங்காயம் மேலே போட்டது. பக்கத்திலேயே சலாமியும் முட்டையும் பொரித்த சீஸும் அடுக்கியிருப்பார்கள், சலாமி புரட்டிய கரண்டியாலேயே சீஸையும் எடுப்பார்கள். தனிக் கரண்டி கேட்டால் தருவார்கள். மரவள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, அவகாடோ, பப்பாளி, அன்னாசி தாராளம். பானைக்கு அடியில் பிடித்த காந்தலுக்குக் கொன்கோன் என்று பெயர், அதை அங்கே போட்டி போட்டுச் சாப்பிடுகிறார்கள். நம் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்.

ஜப்பானிய உணவகத்தின் தெப்பன்யாக்கி மேசைதான் பொறி. எட்டுப் பத்துப் பேருக்கு ஒரே இரும்புத் தகடு, அதில்தான் இறாலும் மாட்டிறைச்சியும் முட்டைச் சோறும். முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். தகடு சுத்தமாக இருக்கும்போது முதலில் உங்களுக்கு வதக்கிவிடுவார்கள், அல்லது உள்ளே சமையலறையில் தனிச் சட்டியில் செய்து கொண்டுவருவார்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால் மிஞ்சுவது சாலட். இந்தியக் கல்யாணங்கள் நடத்துகிற பெரிய ரிசார்ட் என்றால் பருப்பும் ரொட்டியும் உண்டா என்று மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

அறையில் கெட்டில் பெரும்பாலும் இருக்காது, காபி மெஷின் மட்டும்தான். ரெடிமேட் உப்புமாவுக்கு அதில் வெந்நீர் எடுத்தால் காபி வாடை அடிக்கும். பொடி போடாமல் இரண்டு தடவை வெறும் தண்ணீர் ஓட்டிக் கொட்டிவிட்டு, மூன்றாவதை எடுங்கள். ஊற்றுவது பாட்டில் தண்ணீராக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது, பல் துலக்கவும் பாட்டில்தான்.

சைவப்பட்சி:

நன்றி கொதிநீர். அப்போ ஊறுகாய் பாட்டிலோடு கிளம்பறேன்.

கொதிநீர்:

கடையில் சீல் வைத்தது மட்டும். கறிவேப்பிலை, பழம், காய் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

அலைவரிசை:

கடலில் இறங்குகிறவர்களுக்கு. கொடியைப் பார்க்காமல் காலை நனைக்காதீர்கள். பச்சை இறங்கலாம், மஞ்சள் கவனம், சிவப்பு இறங்கக் கூடாது, ஊதா என்றால் ஜெல்லிமீன் மாதிரி ஏதோ கொட்டும் உயிரி. பாவரோவுக்கு முன்னால் பவளப்பாறைத் திட்டு இருப்பதால் அலை அங்கேயே உடைந்து, கரைக்கு வரும்போது அடங்கிவிடும். வடக்கே இருக்கும் மக்காவோ கடற்கரை, ஊவெரோ ஆல்ட்டோ பக்கம் அந்தத் தடுப்பு கிடையாது, அலை முழு வேகத்தில் வரும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகு திரும்புங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் ரிசார்ட் தேர்வில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அறையிலிருந்தே நீச்சல்குளத்தில் இறங்கும் "ஸ்விம்-அப்" அறையும் தவழுகிற, ஓடுகிற வயசுப் பிள்ளைகளுக்கு ஆகாது. கதவைத் திறந்தால் தண்ணீர்.

பணம் கட்டியதில் அடங்குவது கயாக், துடுப்புப் பலகை, சின்னப் பாய்மரப் படகு. மோட்டார் சேர்ந்த எதுவும் அடங்காது: பாராசெயிலிங், பனானா படகு, ஜெட்-ஸ்கி. குளத்தில் ஸ்கூபா "இலவசப் பயிற்சி" தருவார்கள், கடலில் டைவ் அடிக்கக் காசு. ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரமும், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். கடைசி நாள் காலையில் வைக்காதீர்கள்.

சவோனா தீவுக்குப் படகு பாயாஹிபேயிலிருந்து. ஒரு வழி விசைப்படகு, ஒரு வழி கட்டமரான் என்ற இரட்டை அடிப்பாகப் படகு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். விசைப்படகு அலைமேல் தொப் தொப்பென்று விழும், முதுகு வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் இரண்டு வழியும் கட்டமரான் கேட்டு வாங்குங்கள். வழியில் இடுப்பளவு ஆழ மணல்திட்டில் நிறுத்துவார்கள், கீழே நட்சத்திரமீன்கள் கிடக்கும். படத்துக்காகத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் செத்துவிடும், விட்டுவிடுங்கள்.

பயணப்பை:

ஸ்பா விலைப்பட்டியலில் 100 டாலர் என்று பார்த்துவிட்டு 128-க்கு பில் வந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு. 18 சதவீதம் வரி, 10 சதவீதம் சட்டப்படி சேவைக்கட்டணம். இரண்டும் சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள்.

டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் கொடுப்பது வழக்கம். ஒரு டாலர் தாள்களாக 40, 50 எடுத்துப்போங்கள். அமெரிக்க நாணயம் கொடுத்தால் அவர்களுக்குப் பயனில்லை, வங்கி மாற்றித் தராது. கிழிந்த தாளும் அப்படியே. அறை சுத்தம் செய்கிறவருக்கு இரண்டு மூன்று டாலரை அன்றன்றைக்கே வையுங்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்தால் அன்று முறை வேறு ஒருவருக்கு இருக்கும்.

உப்புக்காற்று:

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் நடுவில். 2022 செப்டம்பர் 19-ல் ஃபியோனா கரையேறியது இந்தக் கிழக்கு முனைக்குப் பக்கத்தில்தான். இன்சூரன்ஸை டிக்கெட் போடும்போதே எடுங்கள், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது. மருத்துவச் செலவும் அதில் இருக்கட்டும். ரிசார்ட் மருத்துவர் முதலில் கார்டைத் தேய்த்துவிட்டுத்தான் ஊசி போடுவார், ரசீதை வைத்து நீங்கள் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு, கொசு மருந்து, சன்ஸ்கிரீன் மூன்றையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், ரிசார்ட் கடையில் விலை கண்ணைக் கட்டும்.

நண்டுக்கால்:

கிளம்பும் நாளுக்கு இரண்டு. குளியல் துண்டு வாங்கத் தரும் அட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சீட்டு வாங்குங்கள், தொலைந்தால் ஒரு துண்டுக்கு 20 டாலருக்கு மேல்கூடப் பிடிப்பார்கள். விமான நிலைய வரியில்லாக் கடையில் ரம் வாங்குகிறவர்கள், மயாமி போன்ற ஊரில் விமானம் மாறுவதானால், குடியேற்றம் முடிந்து பெட்டி கைக்கு வரும் இடத்திலேயே பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுபடி பெல்ட்டில் போடுங்கள். கையில் வைத்துக்கொண்டு போய் அடுத்த சோதனையில் நின்றால், பை சீல் பிரிந்திருந்தாலே குப்பைத்தொட்டிதான்.