டைனமோ பிராக்கெட் போல்ட் திரும்பத் திரும்ப முறிகிறது: என்ன கிரேடு போடலாம்?

கேள்வி

2003 மாடல், 1.4 லிட்டர் டீசல் கார். டைனமோவின் பின்புறத்திலேயே வாக்குவம் பம்ப் (பிரேக் மிதிக்கு உதவும் பம்ப்) இருக்கும் வகை. பிராக்கெட்டை எஞ்சின் பிளாக்கோடு பிடிக்கும் மூன்று போல்ட்டில் முன்பக்க மேல் போல்ட் (எம்10, மரை இடைவெளி 1.25 மி.மீ.) மட்டும் ஒன்பது மாதத்தில் மூன்று முறை போய்விட்டது. முதல் இரண்டும் 8.8 கிரேடு (வலிமை எண்; 12.9 இதைவிட வலுவானது), 35 மி.மீ. நீளம், பிளெயின் வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் போட்டது. ஒவ்வொன்றும் நாலு மாதம் வந்தது. மூன்றாவது 12.9 ஆலன் போல்ட், அதே நீளம், வாஷர் இல்லை. இருபதே நாள். மூன்றுமே பிளாக் முகத்தை ஒட்டி முதல் மரையில் கத்தரித்தது போல் முறிந்தன. துண்டு உள்ளே இருக்கிறது. லேத்தில் இ.என்.24 (உறுதியான கலப்பு எஃகு) கம்பியில் கடைந்து போட்டால் நிற்குமா?

பதில் 1

நிற்காது. லேத்தில் வெட்டிய மரை, உருட்டி எடுத்த மரையைவிடச் சீக்கிரம் களைத்துப்போகும். கம்பி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மரையின் அடியில்தான் விரிசல் பிறக்கிறது.

முறிந்த தலையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சங்கின் மேல் இருப்பது போல வளைவு வளைவாக வரிகள், ஓர் ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு என்றால் களைப்பு முறிவு (அதிர்ந்து அதிர்ந்து விரிசல் மெல்ல வளர்ந்து முறிவது). ஓவராக டைட் செய்து அறுந்ததென்றால் முறிந்த இடம் கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வகை.

இந்த இடத்தில் எடையைத் தாங்குவது போல்ட் அல்ல. போல்ட் இரண்டு முகத்தையும் நசுக்கிப் பிடிக்கிறது, அந்த உராய்வுதான் தாங்குகிறது. எம்10, 8.8 போல்ட்டை உலர்ந்த மரையில் 48 நியூட்டன் மீட்டர் டைட் செய்தால் பிடிமானம் ஏறக்குறைய 2.4 டன். அது குறைந்தால் பிராக்கெட் மயிரிழை நகரும், ஒவ்வொரு அதிர்வுக்கும் போல்ட் வளைந்து நிமிரும். அதே டார்க்கில் (முறுக்கு அளவில்) 12.9 போட்டாலும் பிடிமானம் அதே அளவுதான். கிரேடை மறந்துவிட்டு முகம் ஏன் நகர்கிறது என்று தேடுங்கள். முகங்களுக்கு நடுவே செம்பழுப்புத் தூள் இருந்தால் நகர்வது உறுதி.

பதில் 2

ஆலன் போல்ட் இருபது நாளில் போனதற்குத் தனிக் காரணம் இருக்கும். நல்ல நிலையில் இருக்கும் பக்கத்து ஓட்டையில் கம்பி விட்டு ஆழம் அளந்து, பிராக்கெட்டின் தடிமனையும் சேர்த்து இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

வரி வரியாகத்தான் இருக்கிறது, தூளும் உண்டு. பிராக்கெட் 14 மி.மீ., ஓட்டையில் மரை ஆழம் 18 மி.மீ.

பதில் 2

அப்படியென்றால் கணக்கு எளிது. 35 கழித்தல் 14, 21 மி.மீ. உள்ளே போக வேண்டும். இடமோ 18தான். போல்ட் அடியில் முட்டி நின்றிருக்கிறது. ஸ்பேனருக்கு டைட் ஆன மாதிரி இருக்கும், பிராக்கெட்டில் பிடிமானமே இருக்காது. முன்பு இரண்டு வாஷரும் சேர்ந்து நாலரை மி.மீ. எடுத்துக்கொண்டதால் தப்பித்தது. 30 மி.மீ. போல்ட், கடினமான பிளெயின் வாஷர் ஒன்று (2 மி.மீ.) போடுங்கள். 14 மி.மீ. மரை பிடிக்கும், இரும்பு பிளாக்குக்கு அது போதும். ஸ்பிரிங் வாஷர் வேண்டாம். 8.8 போல்ட்டின் இறுக்கத்தில் அது தட்டையாகிவிடும், அப்புறம் அதற்கு வேலையில்லை. ஓட்டையின் அடியில் எண்ணெயோ கசடோ தேங்கினாலும் இதே கதைதான். டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

பதில் 1

சரிதான், ஆனால் முதல் இரண்டு போல்ட்டுக்கு அது காரணமில்லை. பெல்ட்டைக் கழற்றி, டைனமோவின் கீழ் பிவட் போல்ட்டைத் (டைனமோ திரும்பும் அச்சு போல்ட்) தளர்த்துங்கள். டைனமோ காதுக்கும் (போல்ட் நுழையும் துளையுள்ள நீட்டல்) பிராக்கெட் காதுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். பின் காதில் ஓர் இரும்பு புஷ் (சிறு குழல்) இருக்கும். டைட் செய்யும்போது அது நகர்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும். துருப்பிடித்து இறுகிவிட்டால் இடைவெளி அப்படியே நிற்கும், பிவட் போல்ட்டை இறுக்க இறுக்க பிராக்கெட்தான் வளையும். வளைந்த பிராக்கெட் முழு முகமாக உட்காராது. வாக்குவம் பம்பும் சேர்ந்து பின்னால் கனம் தொங்குவதால் முன் மேல் போல்ட்டுக்குத்தான் அடி அதிகம்.

அப்படியே பிராக்கெட்டைத் தனியாகக் கையால் பிளாக்கில் பொருத்தி, சுற்றிலும் கேஜ் விடுங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் முகம் தட்டையில்லை. பெயின்டைச் சுரண்டுங்கள். ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் பிராக்கெட்டை மாற்றுங்கள், வெல்டிங் வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

கேட்டவர்

புஷ் அசையவே இல்லை. இடைவெளி 0.6 மி.மீ.

பதில் 1

குற்றவாளி அதுதான். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, நீள போல்ட், சாக்கெட், வாஷர் கொண்டு இழுத்து நகர்த்துங்கள். சுத்தியலால் அடித்தால் அலுமினியக் காது உடையும்.

பதில் 3

துண்டை எடுப்பது பற்றி. களைத்து முறிந்த துண்டு சாதாரணமாக லூசாகவே இருக்கும், கூர் உளியால் ஓரத்தில் தட்டினாலே சுற்றி வரும். உங்களுடையது அடியில் முட்டி இறுகியிருக்கிறது, அதுவும் 12.9. சாதாரண டிரில் பிட் வழுக்கும், ஈஸி அவுட் (முறிந்த துண்டை எடுக்கும் கருவி) உள்ளேயே ஒடிந்தால் பிளாக்குக்கே ஆபத்து. துண்டின் மேல் எம்8 நட்டை வைத்து, நடு ஓட்டை வழியாக வெல்டிங் நிரப்புங்கள். சிவப்பு அடங்கியதும் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரையும் டைனமோ ஒயரையும் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளிப்பை பிளாக்கிலேயே போடுங்கள்.

மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில் (ஓட்டையில் புது மரையாகச் செருகும் கம்பிச் சுருள்) போடுங்கள்.

மூன்று போல்ட்டையும் புதிதாக மாற்றுங்கள். மற்ற இரண்டும் இத்தனை நாள் அதிகச் சுமை வாங்கியவை. முதலில் மூன்றையும் விரலால் ஏற்றி, பிறகு 48க்கு டைட் செய்யுங்கள். மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. மரையில் எண்ணெய் பூசினால் அதே எண்ணை வைக்காதீர்கள், போல்ட் அளவுக்கு மீறி இறுகிவிடும். கிராங்க் புல்லியின் ரப்பர் பிளந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது போனால் எல்லா பிராக்கெட்டும் ஆடும். 500 கி.மீ. ஓடியதும் டார்க்கைச் சரிபாருங்கள்.

அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். பிராக்கெட் சாய்ந்து பெல்ட் கழன்றால் வாக்குவம் பம்பும் நிற்கும். ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும்.