நாலு டாம்சல் போட்டு டேங்கைப் பழக்கச் சொன்னார்கள்: புது உப்புத்தண்ணி டேங்க் அனுபவங்கள்

பெரம்பூர்_மரைன்:
நன்னீர் மீன் ரொம்ப வருஷமா வளர்க்கிறேன். உப்புத்தண்ணி இதுதான் முதல் தடவை, மூணு அடி டேங்க். உப்பு வாங்கப் போன கடையில் நடந்ததைச் சொல்றேன்.

"உப்பைக் கரைச்சு ரெண்டு நாள் ஓடவிடுங்க சார். அப்புறம் நாலு டாம்சல் (சின்னதா, விலை கம்மியான கடல் மீன்) போடுங்க. ஒரு மாசத்துல டேங்க் செட் ஆயிடும்" என்றார் கடைக்காரர். அந்த நாலும் என்ன ஆகும்னு கேட்டேன். "பொழைச்சா வச்சுக்கோங்க, இல்லன்னா வேற போட்டுக்கலாம். விலை கம்மிதானே?"

கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். அவர் தொழில் கத்துக்கிட்ட காலத்துல எல்லா ஊர்லயும் இதே வழக்கம்தான். ஆனா மீன் செவுள் வழியா விடுற அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கணும், அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக்கணும். இந்த ரெண்டும் போதுமான அளவு பெருக நாலுலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் அந்த டாம்சல் தன் கழிவையே சுவாசிச்சுக்கிட்டு இருக்கணும். கடல் தண்ணியோட பிஎச் (அமில-காரத் தன்மையோட அளவு) சுமார் 8.1 இருக்கிறதால, சாதாரண நன்னீர் டேங்கைவிட இதுல அமோனியாவோட விஷம் அதிகம். பாக்டீரியாவுக்கு வேண்டியது அமோனியாதான். அது உயிருள்ள மீன்கிட்டருந்துதான் வரணும்னு அதுக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்லையே!

மீன் வாங்காம வந்துட்டேன். மார்க்கெட்ல பச்சை இறால் ஒண்ணு வாங்கி, வலைப்பையில கட்டித் தொங்கவிட்டேன். முதல்ல வெளுத்துச்சு, அப்புறம் தோட்டுக்கு மேல வழவழன்னு ஒரு படலம் கட்டி, காலெல்லாம் ஒவ்வொண்ணாக் கழண்டு விழுந்துச்சு. ஹால்ல நாத்தம் தாங்காம அம்மா காலையிலயும் சாயங்காலமும் சாம்பிராணி போட்டாங்க. டெஸ்ட் கிட் குழாய்ல அமோனியா கரும்பச்சைக்கு ஏறி, இப்போ மஞ்சளுக்கு இறங்கிட்டு வருது. நைட்ரைட் நல்ல ஊதா.

இதே மாதிரி கடையில கேட்டவங்க, பார்த்தவங்க இருந்தா எழுதுங்க. மீன் விடலாம்னு எப்படி முடிவு பண்ணீங்க?

க்ளவுன்_அப்பா:
முதல்ல அந்த இறாலை எடுத்துப் போடுங்க, அம்மா பாவம். அமோனியம் குளோரைடு வாங்கிக் கரைச்சு, அமோனியாவை 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) கொண்டு வாங்க. 24 மணி நேரத்துல அது பூஜ்யத்துக்கு வந்துட்டா பாக்டீரியா தயார். பாத்திரத்துக்கு ஈயம் பூசறவங்க வச்சிருக்கிற நவச்சாரமும் அதே சரக்குதான். ஆனா கடை நவச்சாரத்துல கூட என்ன கலந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்? லேப் கிரேடு வாங்குங்க.

நைட்ரைட் கொஞ்சம் மிச்சம் இருந்தா பதற வேண்டாம். உப்புத்தண்ணியில குளோரைடு நிறைய இருக்கிறதால நைட்ரைட் செவுளுக்குள்ள நுழையறது குறைவு. நன்னீர்க்காரங்க பழக்கதோஷத்துல இதுக்கு ரொம்பப் பயப்படுவாங்க. கடைசியா பெரிய அளவுல தண்ணி மாத்தி நைட்ரேட்டைக் குறைச்சுட்டு மீனைப் பத்தி யோசிங்க.

தூத்துக்குடியான்:
பாறை என்ன போட்டிருக்கீங்க? கேக்கக் காரணம் இருக்கு. போன மாசம் சென்னையிலருந்து ஒரு சிநேகிதன் போன் பண்ணி, "உங்க ஊர்லதான் கடல் இருக்கே, ரெண்டு மூட்டை லைவ் ராக் அனுப்பு மாப்ளே"ங்கான். லைவ் ராக்குன்னா பாக்டீரியாவும் பொடி உயிரிகளும் குடியிருக்கிற கடல் பவளப்பாறைத் துண்டு. ஒரு காலத்துல சுண்ணாம்புக் காளவாசலுக்காகவே பவளப்பாறையை வெட்டி எடுத்த கடல் இது. 1986ல மன்னார் வளைகுடாவுல 21 தீவைச் சேர்த்து கடல் தேசியப் பூங்கா ஆக்குனாங்க. 2001லருந்து பவளமும் கடல்குதிரையும் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. செத்த பவளம்னாலும் சட்டம் விடாது. வெளக்கிச் சொன்னேன், கோவிச்சுக்கிட்டு போனை வச்சிட்டான். இப்ப செராமிக் பாறைதான் வாங்கிப் போட்டிருக்கானாம்.

பெரம்பூர்_மரைன்:
நானும் செராமிக்தான் அண்ணே. லைவ் ராக் அளவுக்கு அழகு இல்லை, போகப் போகப் பாசி மூடிடும்னு சொல்றாங்க.

கோவை_ரீஃப்:
எங்களுக்கெல்லாம் கடல் எங்கங்க, மீன் ராத்திரி வண்டியிலதான் வரும். அதனால பைக்குள்ள என்ன நடக்குதுன்னு நல்லாவே பழகிட்டோம்.

பையில பல மணி நேரம் மூச்சு விட்டதுல கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்குங்க. பிஎச் இறங்குனதால அமோனியா அமோனியமா மாறி, மீனை ரொம்பத் தொந்தரவு பண்ணாம கிடக்கும். பையைத் தொறந்ததும் அந்த வாயு வெளியே போயிரும், பிஎச் ஏறும், சாதுவா இருந்த அமோனியம் திரும்ப விஷ அமோனியா ஆயிரும். எங்க தெருவுல ஒருத்தர் பெரிய அக்கறையோட, பக்கெட்டுல விட்டு மூணு மணி நேரம் சொட்டுச் சொட்டா தண்ணி இறக்குவார். மீன் மேல மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுதேன்னு கவலையும் படுவார். சொல்லிப் பார்த்தேன், வீடியோல அப்படித்தான் போட்டிருக்காங்கன்னுட்டார்.

தூரத்துலருந்து வந்த மீன்னா, பையைத் தொறக்காம 20 நிமிஷம் மிதக்க விட்டு வெப்பத்தை மட்டும் சமப்படுத்துங்க. புது மீனைப் பெரிய டேங்க்ல விடறதுக்கு முன்னாடி வச்சுப் பார்க்கிற தனி டேங்க்ல, உப்பு அளவை முன்கூட்டியே கடைத்தண்ணிக்குச் சமமா வச்சிருங்க. நிறைய கடையில உப்புத்தண்ணியோட ஒப்படர்த்தியை 1.020க்குக் கீழதான் ஓட்டறாங்க, உப்பும் மிச்சம், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கும். வீட்டுல நேரா 1.025ல போட்டா மீனுக்குத் தாங்காதுங்க. தனி டேங்க்லயே நாலஞ்சு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்.

சிங்கை_நீலம்:
இங்கே எங்கள் மாடியிலேயே ஒருவர் வீட்டில் புது டேங்க். செட் பண்ணின இரண்டாவது மாதமே மாண்டரின் மீன் வாங்கிவிட்டார். நீலமும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும், அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் பார்க்கப் போன அன்று அது பாறையைக் கொத்திக்கொண்டே இருந்தது. "எவ்வளவு நல்லா சாப்பிடுது பாருங்க" என்றார். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு ஒட்டி, முதுகோரம் குழி விழுந்திருந்தது. அது தேடியது பாறையில் வாழும் காப்பிபாட் என்ற பொடி உயிரியை. புது டேங்கில் அது எங்கே இருக்கும்? தட்டில் போடும் தீனியைப் பெரும்பாலான மாண்டரின்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து எந்தக் கடையிலும், மீன் தீனி எடுப்பதைக் காட்டுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒருவர் மட்டும் தானாகவே, "இது இன்னும் சாப்பிடலை, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார். அவருக்கு நான் நிரந்தர வாடிக்கையாளர்.

பெரம்பூர்_மரைன்:
தனி டேங்க் கட்டாயமா? வீட்ல ஏற்கெனவே முணுமுணுப்பு.

க்ளவுன்_அப்பா:
கட்டாயம். கண்ணாடித் தொட்டிகூட வேண்டாம், பிளாஸ்டிக் டப்பா, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிஞ்சுக்க ரெண்டு பிவிசி எல்போ போதும். ஸ்பாஞ்சை இப்பவே பெரிய டேங்க் சம்ப்ல (கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) போட்டு வைங்க, பாக்டீரியா ஏறட்டும்.

என் மச்சினர் டேங்க்ல பார்த்ததைச் சொல்றேன். அழகா சைக்கிள் (இந்த பாக்டீரியா பழக்குற வேலை) முடிச்சு, எல்லா ரீடிங்கும் சரி. புதுசா ஒரு டாங் மீனை மட்டும் தனி டேங்க்ல வைக்காம நேரா விட்டார். நாலு நாள்ல துடுப்புல உப்புத்தூள் தெளிச்ச மாதிரி புள்ளி. அப்புறம் புள்ளி காணாமப் போச்சு, சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டார். அதுதான் இந்த வெள்ளைப்புள்ளி நோயோட ஏமாத்து வேலை. ஒட்டுண்ணி மீனை விட்டு உதிர்ந்து, மணல்லயும் பாறையிலயும் கூடு கட்டிப் பெருகி, கூட்டமாத் திரும்ப வரும். ரெண்டாவது ரவுண்டுல எல்லா மீனுக்கும் வந்துச்சு. தாமிர மருந்துக்கு இந்த நோய் கேட்கும், ஆனா பெரிய டேங்க்ல ஊத்தினா நத்தை, இறால், பவளம் எல்லாம் காலி, பாறையும் உறிஞ்சிக்கும். கடைசியில மீனையெல்லாம் பிடிச்சு வெளிய வச்சு வைத்தியம் பண்ணி, பெரிய டேங்கை 76 நாள் மீனே இல்லாம சும்மா ஓட்டினார். அத்தனை பாறையையும் கலைச்சு மீன் பிடிச்ச அந்த ஞாயித்துக்கிழமை, டப்பா வைக்க இடமில்லைன்னு சொன்ன தங்கச்சியே பக்கெட் தூக்கிக் கொடுத்தா.

தூத்துக்குடியான்:
முதல் மீன் என்ன வாங்கப் போறீங்க?

பெரம்பூர்_மரைன்:
பண்ணையில பிறந்த க்ளவுன் மீன் ரெண்டு, சின்னதா. எல்லாம் ஆணாத்தான் பிறக்கும், ரெண்டுல பெருசு பெண்ணா மாறும்னு படிச்சேன், அதனால ஜோடி தேட வேண்டியதில்லை. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே இதைப் பொரிக்க வச்சிருக்காங்க. அதனால கடல்ல பிடிச்சதை வாங்கணும்னு அவசியமே இல்லை. அனிமோனி (க்ளவுன் ஒளிஞ்சு வாழற கடல் உயிரி) இப்போ கிடையாது, டேங்குக்கு ஒரு வயசாவது ஆகட்டும்.

ஒரே கவலை கரண்ட். 2023 மிக்ஜாம் புயல்ல எங்க பக்கம் நாள்கணக்கா இல்லை.

கோவை_ரீஃப்:
பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வாங்கி வச்சுக்குங்க, ஒண்ணு நிச்சயம் சமயத்துல காலை வாரும். இன்வெர்ட்டர்ல ஒரு வேவ்மேக்கர் (தண்ணியை அலைய வைக்கிற பம்ப்) மட்டும் ஓடட்டும், லைட்டு, ஸ்கிம்மர் (நுரையில அழுக்கைப் பிரிக்கிற கருவி) எல்லாம் காத்திருக்கலாம். தண்ணி சூடாக ஆக ஆக்சிஜன் நிக்காது, அதனால தண்ணி மேல்பரப்பு அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். கரண்ட் வர்ற வரைக்கும் தீனி போடாதீங்க. க்ளவுன் ரெண்டு நாள் பட்டினி தாங்கும், அழுக்குத் தண்ணியைத் தாங்காதுங்க.

க்ளவுன்_அப்பா:
சென்னை வெயிலுக்கு ஃபேன் வச்சா தண்ணி சட்டுனு ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிடும். கண்ணாடியில மார்க்கர்ல கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரைக்கும் ஆர்.ஓ. தண்ணி ஊத்துங்க. உப்புத்தண்ணியை ஊத்திடாதீங்க. அம்மாகிட்டயும் சொல்லி வைங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப அவங்கதான் ஊத்தப் போறாங்க.