அடுத்த மழைக்கு முன்னால் நூலகத்தில் என்ன செய்யலாம்?

அடித்தட்டு:
தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நூலக உதவியாளன் நான். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் நூலகத் தரைத்தளத்திலும் முழங்கால் அளவு தண்ணீர். மூன்றாம் நாள் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் கதவைத் திறந்தோம்.

அடித்தட்டில் இருந்தவை பழைய ஆண்டு மலர்கள், உள்ளூர்ச் சிற்றிதழ்கள், நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் வரிசையாகப் பதிந்து வைக்கும் அக்செஷன் ரெஜிஸ்டர்கள். கனம் அதிகம் என்று நாங்களே கீழே இறக்கியவை. ரெஜிஸ்டரில் நீல மை கரைந்து பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. ஆண்டு மலர்கள் வழவழத் தாள். ஒட்டிப்போய்ச் செங்கல் மாதிரி இருந்தன. பிரித்தால் எழுத்தோடு உரிந்து வந்தது. மொட்டை மாடியில் பரப்பினோம், வெயில்தான் இல்லை. ரெண்டே நாளில் அட்டைகளில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம்.

மேலே கேட்டால் ‘நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைப்பா’ என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. நிதி கிடையாது. ஐப்பசிக்குள் நாங்களாகவே என்ன செய்யலாம்?

பழுப்புத்தாள்:
தம்பி, சுவடிப் பாதுகாப்பில் இருந்து ஓய்வுபெற்றவள் நான். நனைந்த புத்தகத்தைப் பிரிக்கவே கூடாது. இரண்டு நாளில் பூஞ்சணம் கிளம்பிவிடும், அதற்குள் உறைய வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் பூஞ்சணமும் நிற்கும், மையும் மேற்கொண்டு பரவாது. அப்புறம் பத்துப் பத்தாக எடுத்து, மின்விசிறிக் காற்றில் நிதானமாக உலர்த்தலாம். வழவழத் தாள்தான் ரொம்ப அவசரம். ஈரம் காய்வதற்குள் அதை உறைய வைக்காவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் அடித்தளம் மூழ்கி, ஏறத்தாழ ஐந்து லட்சம் புத்தகங்களும் இதழ்த் தொகுதிகளும் நனைந்தன. உறைய வைத்து, வெற்றிட அறையில் உலர்த்தித்தான் மீட்டார்கள். அவ்வளவு பெரிய வசதிக்கு நாம் எங்கே போவது? ஆனால் உங்கள் பக்கம் மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்குகள் இருக்குமே. மழைக்கு முன்னாலேயே ஒருவரிடம் பேசி வையுங்கள். தண்ணீர் வந்தபிறகு போனால் அவருடைய மீனைக் காப்பாற்றவே அவருக்கு நேரம் இருக்காது.

மாடிப்படி:
இவ்வளவு எதற்கு? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் தீர்ந்தது.

பழுப்புத்தாள்:
செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்வர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

அடித்தட்டு:
சர்வரும் தரைத்தளம்தான் அக்கா.

கள்ளிப்பெட்டி:
அண்ணாச்சி, நான் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறவன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் 2004 அக்டோபர் கடைசியில் ஓடை பெருகி நூலகத்துக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த வரைபடங்களும் அரசு ஆவணங்களும் மாட்டிக்கொண்டன. வரைபட அலமாரி கனம், அதனால் கீழே. உங்கள் ஆண்டு மலர் கதையேதான். தென்னாப்பிரிக்காவில் 2021 ஏப்ரலில் மலைக்காட்டுத் தீ கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தை எரித்தபோது, தீத்தடுப்புக் கதவுகளால் அடித்தளச் சேகரிப்பின் பெரும்பகுதி தப்பியது. ஆனால் தீயை அணைத்த தண்ணீர் அங்கேதான் இறங்கியது.

காசில்லாமல் செய்ய ஒன்று சொல்கிறேன். வேறெங்கும் கிடைக்காதது எது என்று பட்டியல் போடுங்கள். பாடநூல் நனைந்தால் வாங்கிக்கொள்ளலாம், 1962 கல்லூரி மலரை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதில் உள்ளதெல்லாம் மாடிக்குப் போகட்டும், கீழே பாடநூல் வரட்டும். பட்டியலின் ஒரு பிரதி வாட்ச்மேனிடமும் இருக்கட்டும். ராத்திரி தண்ணீர் வந்தால் அங்கே நிற்பவர் அவர்தான்.

இன்னொன்று, ஏசி. பல இடங்களில் பகலெல்லாம் ஓட்டிவிட்டு ஐந்து மணிக்கு அணைத்துவிடுகிறார்கள். ராத்திரி ஈரக்காற்று குளிர்ந்த அலமாரியில் போய்ப் படிகிறது. இப்படி அரைகுறையாக ஓட்டுவதை விட, வறண்ட நாளில் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுவது மேல். கரண்ட் பில்லும் குறையும்.

அடித்தட்டு:
பத்து நாள் கழித்து வருகிறேன். சுவரில் பழைய தண்ணீர்க் கறை இன்னும் இருக்கிறது, அளந்தேன்: 47 சென்டிமீட்டர். கீழ்த்தட்டு இரண்டையும் காலி செய்துவிட்டோம். என்.எஸ்.எஸ். பிள்ளைகள் வரிசையாகப் படியில் நின்று கைமாற்றியதில் ஒரே மதியத்தில் முடிந்தது. பட்டியல் 38 வரி. மிச்சமிருக்கும் ரெஜிஸ்டர்களைத்தான் முதல் வரியில் எழுதினேன். அது இல்லாவிட்டால் என்ன தொலைந்தது என்றே தெரியாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். சர்வர் விஷயம் மேலிடத்தில் நிற்கிறது.

குளிர்கிடங்குக்காரரிடமும் பேசிவிட்டேன். ஒரு மூலை ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: ‘அப்புறம் புத்தகத்துல மீன் வாடை அடிக்குதுன்னு எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது.’