சிறைச்சாலை வாக்கி டாக்கி: டிஜிட்டலுக்கு மாற்றியதும் 14 செட் ஊமை (அவசரம்)

அவசரக்காரன்: கொழும்பில் ஒரு சிறைச்சாலையில் பழைய அனலொக் செட்டுகளை எடுத்துவிட்டு டிஜிட்டல் போடுகிறோம். 14 செட் வேலை செய்யவில்லை. பேசுவதற்கான பிடிடி பொத்தானை அமுக்கினால் 'பொங்' என்கிறது, அவ்வளவுதான். நாளை காலை ஒப்படைக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மருதானை ரிப்பேர்: டிஜிட்டலில் எந்த வகை, டிஎம்ஆரா டெட்ராவா? அலைவரிசை விஎச்எஃப்பா, அதற்கு மேலே யூஎச்எஃப்பா? சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் உண்டா? எத்தனையில் 14?

வத்தளை அன்டெனா: சுவர்தான், பந்தயம். அனலொக்கில் சிக்னல் குறைந்தால் கரகரவென்றாவது கேட்கும், காதைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். டிஜிட்டல் கடைசிவரை தெளிவாகப் பேசிவிட்டு ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளும். அன்டெனா கேபிள் என்ன? புறக்கோட்டையில் மலிவாக ஆர்ஜி-58 வாங்கியிருந்தால் யூஎச்எஃப்பில் 30 மீற்றர் தாண்டுவதற்குள் பவரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

சும்மா வந்தவன்: உள்ளே ஃபோன் சிக்னலை முடக்கும் ஜாமர் இருக்குமே?

4எஸ்7 மூத்தவர்: தம்பி, சிறையின் பெயர், அலைவரிசை எதையும் இங்கே எழுதிவிடாதே. ஜாமர் கதை விடுபவருக்கு: அது குறிவைப்பது 900, 1800 மெகாஹேர்ட்ஸ் பக்கம், செட் இருப்பது அதற்கு எவ்வளவோ கீழே. அடிப்படை வாசித்துவிட்டு வாருங்கள். டெட்ரா எடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. 25 கிலோஹேர்ட்ஸ் சானல் ஒன்றில் ஒரே நேரத்தில் நாலு பேச்சு போகும்.

மருதானை ரிப்பேர்: டிஎம்ஆரில் 12.5இல் இரண்டு. கணக்கு ஒன்றுதானே ஐயா?

4எஸ்7 மூத்தவர்: கணக்கு ஒன்று. தரம் ஒன்றா?

வத்தளை அன்டெனா: ஒரே வளவுக்குள் டெட்ராவா? நுளம்புக்குப் பீரங்கி.

அவசரக்காரன்: மன்னிக்கவும், ஓடித் திரிகிறேன். டிஎம்ஆர், யூஎச்எஃப், ரிப்பீட்டர் உண்டு. மொத்தம் 40, மற்ற 26உம் நன்றாக இருக்கின்றன. ரிப்பீட்டருக்குப் பக்கத்தில் நின்றாலும் இந்த 14உம் 'பொங்'தான். ரிப்பீட்டர் இல்லாமல் நேரே பேசும் டைரக்ட் சானலில் மட்டும் தங்களுக்குள் பேசுகின்றன.

மருதானை ரிப்பேர்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சுவரைத் தட்டிக்கொண்டிருக்க மாட்டோம். 'கலர் கோட்' என்னவென்று பார். 0 முதல் 15 வரை ஒரு எண், பழைய செட்டில் குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி, அந்த சப்டோன் மாதிரி. ரிப்பீட்டரில் ஒன்று, செட்டில் வேறொன்று என்றால் ரிப்பீட்டர் திரும்பியே பார்க்காது. அந்த 14ஐயும் புரோகிராம் செய்தது யார்? அதே ஃபைலா?

4எஸ்7 மூத்தவர்: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

வத்தளை அன்டெனா: டெட்ரா என்றல்லவா சொன்னீர்கள்?

அவசரக்காரன்: கலர் கோட்தான். ரிப்பீட்டரில் 1, இவற்றில் 3. வேறு பையன் வேறு லப்டொப்பில் ஏற்றியவை. நன்றி அண்ணே.

வத்தளை அன்டெனா: சரி தம்பி, கேபிள் என்ன போட்டீர்கள்?

வத்தளை அன்டெனா: தம்பி?