டிஃபால்ட் மதிப்பு, எண்ணிக்கை தெரியாத ஆர்க்யுமென்ட்: உங்களை உலுக்கிய அனுபவம் எது?

இரவுப்பணி:
பைத்தானில் ஃபங்ஷனின் ஆர்க்யுமென்டுக்கு (அதற்கு அனுப்பும் மதிப்புக்கு) காலி லிஸ்டை டிஃபால்ட்டாக, அதாவது எதுவும் அனுப்பாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, வைக்கும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அடுத்தடுத்த அழைப்புகளும் அதே பழைய லிஸ்டிலேயே சேர்த்துக்கொண்டு போகும். முன்பு இருந்த கம்பெனியில் மருந்துக்கடை பில்லிங் கோடில் அதை நேரில் பார்த்தேன். டெஸ்டில் தடவைக்கு ஒரு பில்தான் ஓடும், எல்லாம் பாஸ். லைவ் போன அன்று ஒரு அம்மா போன் செய்து, "இந்த மாத்திரை எல்லாம் யாருக்குங்க?" என்று கேட்டார். அவர் பில்லில் முந்தைய ஆளின் மருந்துகள். இன்னொருவருடைய நோயை அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ரூபியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஒவ்வொரு அழைப்புக்கும் டிஃபால்ட் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. பைத்தானில் மட்டும் ஏன் இந்தக் கொடுமை?

அரைப்புள்ளி:
பைத்தானைப் பழிப்பதை ஏற்க மாட்டேன். ஃபங்ஷனை உருவாக்கும் டெஃப் என்பதும் ஓடுகிற ஒரு வரிதான். அது ஓடும்போது டிஃபால்ட் ஒரே முறை கணக்கிடப்பட்டு ஃபங்ஷனோடு தங்கிவிடும். எங்கள் டீமில் லாக் ஃபங்ஷனுக்கு 'இப்போதைய நேரம்' டிஃபால்ட்டாக இருந்தது. நாள் முழுக்க எல்லா வரியிலும் சர்வர் ஏறிய நேரமே நின்றது.
எல்லோருக்கும் சொல்கிறேன்: டிஃபால்ட்டை நன் (None, அதாவது 'மதிப்பு இல்லை') என்று வையுங்கள், ஃபங்ஷனுக்கு உள்ளே வந்து லிஸ்டை உருவாக்குங்கள். நன்னே செல்லுபடியாகும் மதிப்பு என்றால் அடையாளத்துக்குத் தனியாக ஒரு ஆப்ஜெக்ட் செய்து ஒப்பிடுங்கள். பாராமீட்டர்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரக்குறி போட்டால் அதற்குப் பின் வருவதைப் பெயர் சொல்லித்தான் அனுப்ப முடியும். பைத்தான் 3 வந்ததிலிருந்தே இது உண்டு. கோடில் தவறு தேடும் பைலின்ட் கருவியை ஓட்டினால் இந்த லிஸ்ட் விவகாரத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். அப்புறம் ரிவ்யூவில்...

டாட்நெட் தம்பி:
அரைப்புள்ளி அண்ணா, யாரும் வழி கேட்கவில்லையே! சி ஷார்ப்பில் டிஃபால்ட் மதிப்பு கம்பைல் ஆகும்போதே அழைக்கும் இடத்தில் பதிந்துவிடும். லைப்ரரியில் டைம்அவுட்டை 30 வினாடியிலிருந்து 90 ஆக்கி, அதன் கம்பைல் ஆன கோப்பான டிஎல்எல்லை மட்டும் சர்வரில் மாற்றினார்கள். பேமென்ட் அப்போதும் 30-லேயே அறுந்தது. சோர்ஸில் 90, லாகில் 30. கடைசியில், கம்பைல் ஆன கோப்பைத் திரும்பக் கோடாகக் காட்டும் டீகம்பைலரில் திறந்தால், அழைக்கும் கோடுக்குள் பழைய 30 உட்கார்ந்திருக்கிறது! மொத்தத்தையும் மறுபடி கம்பைல் செய்த பிறகுதான் சரியானது.

பழைய சி ஆள்:
நீங்கள் எல்லோரும் டிஃபால்ட்டிலேயே நிற்கிறீர்கள். சி-யில் அச்சிட்டுக் காட்டும் பிரின்ட்எஃப் மாதிரி ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்க்யுமென்ட் வந்தது, என்ன வகை என்று எதுவுமே தெரியாது; எதை எப்படி அச்சிடுவது என்று குறிக்கும் ஃபார்மேட் சரம் சொல்வதை நம்பித்தான் எடுக்கும். தசம எண்ணை ஃப்ளோட் வகையில் அனுப்பினாலும் அது டபுள் வகையாகத்தான் போய்ச் சேரும். ஒரு பாய்லர் பேனலில் தசம எண்ணாக வரும் வெப்பநிலைக்கு, முழு எண்ணுக்கான 'சதவீதக்குறி டி' போட்டிருந்தார்கள். திரையில் கண்டபடி எண்கள். ஆபரேட்டர் பயந்துபோய் அடுப்பையே அணைத்துவிட்டார். ஜிசிசி கம்பைலரில் ஃபார்மேட் எச்சரிக்கையை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள். திரும்பப் போட்டதும் முதல் எச்சரிக்கையே அந்த வரிதான்.